சான்றிதழுக்கு முன்னால் சம்பளம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் கணக்கு பார்க்கிறேன். மருத்துவமனைகளின் தரத்துக்குத் தரும் என்ஏபிஎச் அங்கீகாரத்தை வாங்கிவிட்டால் வருமானம் கூடும் என்று பார்ப்பவர்கள் எல்லாம் எங்கள் டாக்டரிடம் சொல்கிறார்கள். உண்மைதான். மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தின் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு 15 சதவீதம் குறைத்துத்தான் தருகிறார்கள்.

அங்கீகாரம் கேட்கும் விஷயங்களில் எனக்கு மறுப்பே கிடையாது. ஐசியு வாசலில் நிற்கும் அவசர மருந்து வண்டியைச் சொல்கிறேன். அட்ரினலின், அட்ரோபின், சுவாசக் குழாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு நர்ஸ் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு நின்றால் உயிரைக் காப்பது அந்தக் கையெழுத்துதான். அதற்குத் தனிச் செலவு இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் நர்சுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டுமே.

அங்கேதான் இடிக்கிறது. காப்பீட்டில் சிகிச்சை பெற்றவர் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் ஆன பிறகும் எங்களுக்குப் பணம் வருவதில்லை. வரும்போதும் கையுறைக்கு இவ்வளவு, ஊசிக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-ல் உத்தரவு போட்டது. நோயாளிக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஒப்புதல் வேறு, பணம் வேறு. மருந்து ஏஜென்சிக்காரர் செக் கேட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது ஒப்புதல் கடிதத்தைக் காட்டி என்ன பயன்? ஓவர்டிராஃப்டில் எடுத்துக் கொடுக்கிறோம், அதற்கு வட்டி வேறு.

சம்பளம் தள்ளிப்போனால் நல்ல நர்ஸ்கள் பாண்டிக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் என்பது விதி. ஆள் இல்லாமல் அதை எப்படிக் காப்பாற்றுவது? பெரிய குழும மருத்துவமனைகள் ஆறு மாதப் பாக்கியைக்கூடத் தாங்கும், எங்களால் முடியாது. எங்களைப் போன்ற இடங்களை மூடினால் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி ஜனங்கள் ஏற்கெனவே நிரம்பி வழியும் ஜிப்மரில் போய்த்தான் நிற்க வேண்டும்.

அங்கீகார ஆய்வுக்கு வருகிறவர்கள் நர்ஸ்களின் டியூட்டி பட்டியலைப் பார்க்கிறார்கள். எங்களுக்கு வரவேண்டிய பாக்கிப் பட்டியலையும் பார்க்கட்டும். தாமதம் செய்கிற காப்பீட்டு நிறுவனம் எங்களுக்கும் வட்டி கட்டட்டும்.

டாக்டரிடம் நான் சொல்லியிருப்பது இதுதான்: முதலில் ராத்திரி ஷிப்டுக்கு இரண்டு ஸ்டாஃப் நர்ஸ்களை நிரந்தரமாக எடுப்போம். என்ஏபிஎச்சின் தொடக்க நிலைச் சான்றுக்கு அப்புறம் விண்ணப்பிக்கலாம். பாக்கியில் பாதி வந்தால்கூட அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட முடியும்.