நீங்களே விலகினால் கிராஜுவிட்டி கிடையாது என்றார்கள்

"அக்கா, பேப்பர் போட்டுட்டேன். நோட்டீஸ்ல இருக்கறவங்களுக்கு லீவும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாதுன்னு எச்ஆர்ல சொல்றாங்க. நிஜமா?"

பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பெண் போன வாரம் போனில் கேட்டாள். கிராஜுவிட்டி என்பது பல வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை. 2024இல் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். கேட்டதும் வயிறு எரிந்தது. பீரோவில் கிடந்த ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி. 2018 ஜூலை 2இல் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தேன். 2024 ஜூன் 3, தேர்தல் முடிவு வந்ததற்கு முந்தின நாள், மேனேஜருக்கும் எச்ஆருக்கும் ராஜினாமா மெயில் அனுப்பினேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்படி நான் விலகினால் 90 நாள் நோட்டீஸ், அவர்கள் அனுப்பினால் 30 நாள்.

முதல் தகராறு தேதியில் வந்தது. மேனேஜர் "பாக்கலாம்மா" என்று சொன்னதோடு சரி, மெயிலுக்குப் பதில் போடவில்லை. மூன்று வாரம் கழித்து எச்ஆர் மேடம் கூப்பிட்டு, "போர்ட்டல்ல நீங்க இன்னிக்குத்தான் என்ட்ரி போட்டிருக்கீங்க, நோட்டீஸ் இன்னிலேர்ந்துதான்" என்றார். ஆர்டரைப் பிரித்துக் காட்டினேன். "எழுத்து மூலம் தெரிவித்த நாளிலிருந்து" என்று இருந்தது. போர்ட்டல் என்ற பேச்சே அதில் இல்லை. ஜூன் 3 மெயிலை மேலே வைத்து, "என் கடைசி நாள் ஆகஸ்ட் 31 என்று புரிந்துகொள்கிறேன், மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று இன்னொரு மெயில் போட்டேன். யாரும் மறுக்கவில்லை. அந்த ஒரு வரியால் எனக்கு 21 நாள் மிச்சம். வாயால் சொல்வதையெல்லாம் அன்று சாயங்காலமே மெயிலில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

லீவு விஷயமும் அப்படித்தான். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், 3 நாள் கேட்டேன். "நோட்டீஸ்ல லீவு எடுத்தா அத்தனை நாள் தள்ளிப் போகும்" என்றார்கள். கம்பெனியின் சொந்த விதிப் புத்தகத்தில் ஈட்டிய விடுப்புக்கு முன் அனுமதி வேண்டும் என்றுதான் இருந்தது, தள்ளிப் போகும் என்று எங்கும் இல்லை. பக்க எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டதும் லீவு கிடைத்தது.

புதிய கம்பெனி சீக்கிரம் வரச் சொன்னதால் 15 நாள் முன்னதாக, ஆகஸ்ட் 16 அன்று விடுவிக்கும்படி கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். குறையும் நாளுக்குப் பிடித்தம் உண்டு என்பது எனக்கும் தெரியும்.

கடைசி நாளன்று, கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் ஏழு கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு அரை மணியில் முடிந்தது. டூல் ஸ்டோரில் நின்றுபோனது. 2019இல் என் பெயரில் ஒரு டிஜிட்டல் வெர்னியர் (அளவு பார்க்கும் கருவி) எழுதியிருந்தது. ஜீரோ நிற்கவில்லை என்று 2021இல் காலிப்ரேஷனுக்கு (அளவு சரிபார்க்க) அனுப்பி, அங்கேயே ரிஜெக்ட் ஆன கருவி அது. ஸ்டோர் ரெஜிஸ்டரில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. "ஸ்லிப் இல்லாம நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? 6,000 ரூபா பிடிச்சுடுவாங்க" என்றார் ஸ்டோர் அண்ணன். அவர் மேல் தப்பில்லை. என் மேஜை டிராயரைத் தலைகீழாகக் கொட்டினேன். பழைய இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டுகளுக்கு நடுவே, ஓரம் எண்ணெய் பட்டு ஒட்டிக்கொண்டு, அந்த ஸ்லிப்பின் மஞ்சள் கார்பன் காப்பி இருந்தது. சீரியல் நம்பரின் கடைசி இரண்டு எண்கள் மங்கியிருந்தன. ஸ்டோர் அண்ணன் அதை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை 5 மணிக்கு என் லாகினை நிறுத்திவிட்டார்கள். உங்கள் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆர்டர் காப்பி எல்லாவற்றையும் அதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்தப் படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: "கிராஜுவிட்டி உட்பட எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை." இன்னும் ஒரு பைசா கைக்கு வராத நேரம். அந்த வரியை அடித்து, பக்கத்தில் "கணக்கு இன்னும் தரப்படவில்லை" என்று எழுதித் தேதி போட்டேன். ரிலீவிங் லெட்டர் வராது என்று பயமுறுத்தினார்கள். பத்து நாளில் வந்தது.

கடைசி செட்டில்மென்ட் கணக்கு வர 45 நாள் ஆனது. (2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. தானாக விலகியவருக்கும் ஊதிய பாக்கியை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. எனக்கு அது வாய்க்கவில்லை, இப்போது பேப்பர் போடுபவர்கள் அதைச் சொல்லிக் கேளுங்கள்.) வந்த கணக்கில் மூன்று இடத்தில் கோளாறு.

முதலாவது, ஆர்டரில் நோட்டீஸ் குறைவுக்கு அடிப்படைச் சம்பளம்தான் பிடிக்கலாம் என்று இருக்க, மொத்தச் சம்பளம் 45,000க்குக் கணக்குப் போட்டு 22,500 பிடித்திருந்தார்கள். என் அடிப்படை 26,000. பிடிக்க வேண்டியது 13,000. இரண்டாவது, அந்த 22,500க்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று 4,050. நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்றே 178/10/2022 எண்ணுள்ள சுற்றறிக்கையில் தெளிவாக்கிவிட்டது. அதை இணைத்து மெயில் போட்டேன். ஒரு வாரத்தில் இரண்டும் சேர்த்து 13,550 திரும்பி வந்தது. மன்னிப்பாக ஒரு சொல்கூட வரவில்லை.

மூன்றாவதுதான் பெரிது. கிராஜுவிட்டி என்ற இடத்தில் பூஜ்யம். கேட்டதற்கு, "ரிட்டயர் ஆறவங்களுக்குத்தான். நீங்களே விலகினா கிடையாது" என்றார் மேடம். அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் வருடக் கிராஜுவிட்டிச் சட்டத்தில் 5 வருடம் முடித்து ராஜினாமா செய்தவருக்கும் உண்டு என்று நேராகவே எழுதியிருந்தது (2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது). எனக்கு 6 வருடம். அடிப்படையை 26ஆல் வகுத்து, 15ஆலும் வருடத்தாலும் பெருக்கினால் 90,000. உழைத்துச் சேர்ந்த பணத்தை இப்படி ஒரு பொய்யில் அழித்துவிடப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் விலகிய எத்தனை பேர் அதை நம்பிப் போனார்களோ என்று நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

கம்பெனியிடம் கிராஜுவிட்டி கேட்கும் 'ஐ' (I) ஃபார்மை நிரப்பி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. புது வேலையில் அரை நாள் பர்மிஷன் போட்டு மாநிலத் தொழிலாளர் அலுவலகம் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே இருந்தவர் கேட்டார், "ஏம்மா, உங்க கம்பெனிக்கு வெளி மாநிலத்துல கிளை இருக்கா?" புனேயில் இருந்தது. "அப்ப சென்ட்ரல் லேபர். இங்க எடுக்க முடியாது." ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை இருந்தால் கிராஜுவிட்டிக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையர் தரப்புதான் அதிகாரம். இது தெரியாமல் அரை நாளைத் தொலைத்தேன், நீங்கள் தொலைக்க வேண்டாம்.

அடுத்த வாரம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டில் சாஸ்திரி பவன். கம்பெனி தராததற்கு அங்கே மனு போடும் 'என்' (N) ஃபார்ம், ஆர்டர் காப்பி, கடைசி சம்பளச் சீட்டு, ஒப்புகை அட்டை. வாங்கி முத்திரை போட்டுத் தந்தார்கள். இதற்கு அப்போது 90 நாள் கெடு இருந்தது, நீங்களும் காத்திருக்காதீர்கள். பிஎஃப் விலகல் தேதியைக் கம்பெனி பதியவே இல்லை. இரண்டு மாதம் கழித்து நானே ஆன்லைனில் போட்டுக்கொண்டேன்.

அந்த அலுவலகத்திலிருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் போனதும் அதே எச்ஆர் மேடம் போன் செய்தார். "கேஸெல்லாம் எதுக்குமா, நாமே பேசி முடிச்சுக்கலாமே." 2025 ஜனவரியில் 90,000 அக்கவுண்டில் ஏறியது. மனுவை வாபஸ் வாங்கும் கடிதம் கேட்டார்கள். ஆகஸ்ட் 16இலிருந்து 10 சதவீத வட்டி சட்டப்படி சேரவேண்டும், அது வந்தபிறகு தருகிறேன் என்றேன். ஐந்து மாதத்துக்கு 3,750. நான்காம் நாள் அதுவும் வந்தது. அதற்குப் பிறகுதான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.