செம்பனைத் தோட்டத்து மலைப்பாம்பு

பினாங்கு, நிபோங் திபாலிலிருந்து அண்ணன் ஒருவர் போன் செய்தார். "தம்பி, செம்பனைக்குள்ள மலைப்பாம்பு ஒன்னு பிடிச்சிருக்கோம். சும்மாவே தர்றேன், வேணுமா?"

வேண்டாம் என்றேன். மலேசியாவின் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. அது மட்டும் காரணமில்லை. காட்டில் பிடித்த பாம்பை வளர்த்து ஏற்கெனவே பட்டிருக்கிறேன்.

என்னுடைய முதல் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு) ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. "பண்ணைக் குட்டி" என்றுதான் விற்றார்கள். அப்புறம்தான் புரிந்தது: கானா, தோகோ, பெனின் பக்கம் காட்டில் சினைப்பாம்பைப் பிடித்து, அது இடும் முட்டையைப் பொரிக்க வைப்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். என்னிடம் வந்ததோ குட்டிகூட இல்லை, வளர்ந்த பாம்பு. தாடைச் செதில்களுக்கு அடியில் மிளகு ஒட்டியதுபோல் உண்ணிகள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன், பதினொன்று. எலியை நீட்டினால் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொள்ளும். நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. மலத்தைச் சோதித்த மருத்துவர் புழு என்றார். அதை இனப்பெருக்கத்துக்கு விடுவதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது இருப்பது ஆயர் ஈத்தாமில் ஒரு நண்பர் வீட்டுப் பெட்டியில் பொரித்தது. உறைந்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுத்தால் பாய்ந்து கவ்வும். போன வருடம் ஐந்து முட்டை இட்டுச் சுருண்டு காத்தது. பிரித்தெடுக்க எனக்கே மனசு வரவில்லை. விலை அதிகம்தான், சரி.

அண்ணனிடம் அவசர எண் 999-க்கு அடிக்கச் சொன்னேன். பொது தற்காப்புப் படை வந்து கொண்டுபோனதாம். பதினான்கு அடி.