எங்கள் வரி

பள்ளிகளின் பெயர் மாற்றப் பட்டியலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், அடிமைகளை வைத்திருந்தவர்கள் போன்றோரின் பெயர் தாங்கிய பள்ளிகளுக்குப் பெயர் மாற்ற 2021-இல் கல்வி வாரியம் முடிவெடுத்ததை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். 44 பள்ளிகள், வாஷிங்டன், லிங்கன், ஜெஃபர்சன் என்ற ஜனாதிபதிகளின் பெயர்கள், கொரோனாவால் பள்ளிக்கூடங்களே பூட்டிக் கிடக்கும்போது இது தேவையா என்ற கூச்சல், வழக்கு, பின்வாங்கல். நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்த ஒரு போன் பேச்சு. பத்து நிமிஷம்கூட இருக்காது. அதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது, நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் பள்ளி நூலகர். நாங்களும் அந்த 44-இல் ஒன்று. எது என்று சொல்லப்போவதில்லை. மனிதர்களை விலைக்கு வாங்கி அடிமைகளாக வைத்திருந்த ஒருவரின் பெயர் எங்கள் கட்டடத்தின் மேல் இருந்தது என்பது மட்டும் போதும்.

2018-இல் கல்வி வாரியம் ஒரு குழு போட முடிவெடுத்தது. அந்தக் குழு தயாரித்த பட்டியல் 2020 அக்டோபரில் எங்களுக்கு வந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்கள், பழங்குடி மக்களை ஒடுக்கியவர்கள், மனித உரிமை மீறல்களில் தொடர்புடையவர்கள் என்று அளவுகோல்கள். ஒரு கூகுள் ஷீட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வரி. பெயர், காரணம், காரணத்துக்கு ஓர் இணைப்பு. அந்த இணைப்புகளைத்தான் நான் முதலில் திறந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷம் முழுக்க நான் கேட்கிற கேள்வி, "எங்கே படிச்சே?" என்பதுதான். சுறாவுக்கு எத்தனை பல் என்று எழுதிக்கொண்டு வந்தாலும் அதைத்தான் கேட்பேன். விடை தப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, எங்கிருந்து எடுத்தது என்று தெரியாமல் எழுதக் கூடாது.

அமெரிக்க விடுதலைப் போர்க்கால வீரர் பால் ரிவியரின் வரியில் நின்றுவிட்டேன். பெனோப்ஸ்காட் பழங்குடியினரின் நிலத்தைப் பறித்ததோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்று அதில் இருந்தது. இணைப்பைத் திறந்தால் 1779-இல் நடந்த பெனோப்ஸ்காட் படையெடுப்பு பற்றிய கட்டுரை. அது பெனோப்ஸ்காட் விரிகுடாவில் பிரிட்டிஷார் கட்டியிருந்த கோட்டையை எதிர்த்து மாசசூசெட்ஸ் படை போய்த் தோற்றுத் திரும்பிய சண்டை. ரிவியர் பீரங்கிப் படைக்குத் தலைமை தாங்கினார். கோழைத்தனம், கீழ்ப்படியாமை என்று அவர் மேல் குற்றம் சுமத்தி, பிறகு ராணுவ விசாரணையில் விடுவித்தார்கள். விரிகுடாவின் பெயரைப் பார்த்து மக்களின் பெயர் என்று யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லிங்கன் வரி அப்படிப்பட்ட தப்பு இல்லை. 1862 டிசம்பர் 26 அன்று மின்னசோட்டாவின் மன்கேட்டோவில் டகோட்டா பழங்குடி ஆண்கள் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். உத்தரவில் லிங்கனின் கையெழுத்து. அது நடந்ததுதான். ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது 303 பேருக்கு, லிங்கன் ஒவ்வொரு வழக்காகப் பார்த்துப் பெரும்பாலோரைத் தூக்கிலிருந்து காப்பாற்றினார் என்பதும் நடந்ததுதான். அந்த இரண்டாவது பாதி பட்டியலில் இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒரு வரலாற்று ஆசிரியரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டார்களா?

நவம்பரில் ஜூமில் ஆசிரியர் கூட்டம். டிசம்பருக்குள் மாற்றுப் பெயர்களை அனுப்ப வேண்டும், யோசனை சொல்லுங்கள் என்றார் பிரின்சிபல். நான் மைக்கைப் போட்டு, திரையைப் பகிர்ந்து, ரிவியர் வரியைக் காட்டினேன். அப்புறம் லிங்கன் வரி, அப்புறம் இன்னும் இரண்டு. பேசி முடித்தபோது திரை முழுக்கக் கட்டைவிரல்கள் மேலே எழும்பின. நன்றாகப் பேசினோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்றார் பிரின்சிபல்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் அம்மா கூப்பிட்டார்.

எங்கள் அலுவலகத்தில் 22 வருஷமாக வேலை பார்த்த கறுப்பினப் பெண் அவர். பள்ளி பூட்டியிருந்ததால் ஆபீஸ் போனை அவருடைய நம்பருக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். நூலகத்துக்கு வந்த ஒரு பார்சலைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் எனக்குள் அது தமிழில்தான் ஓடுகிறது. அதில் அவர் என்னை நீ என்கிறார்.

"இன்னிக்கு மீட்டிங்ல காட்டினியே, ரிவியர் வரி. அது தப்புதானே?"

"தப்புதான். நிச்சயமா."

"மத்த வரியெல்லாம் பார்த்தியா?"

"பாதிக்கு மேல பார்த்தேன்."

"நம்ம ஸ்கூல் வரி?"

"முதல்ல அதைத்தான் பார்த்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர் வீட்டில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அதை ஏன் சொல்லல?"

நான் சொன்னேன்: "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"தெரியும்" என்றார். கோபமான குரல் இல்லை. "22 வருஷமா போனை எடுத்ததும் அந்தப் பேரைத்தான் முதல்ல சொல்றேன். இப்போ என் வீட்டுக் கிச்சன்ல உட்கார்ந்து சொல்றேன். தெரிஞ்சவங்க யாரும் ஒருநாள்கூட என்கிட்ட அதைப் பத்தி வாயைத் திறந்ததில்ல."

பார்சலை எங்கே வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் பிறகு நிறைய வந்தன. என் வேலை தப்பைக் கண்டுபிடிப்பது. சரியாக இருப்பதை யாரும் எழுந்து நின்று சரி என்று அறிவிப்பதில்லை. பிள்ளைகளின் கட்டுரையிலும் தப்பான இடத்தில்தான் கோடு போடுகிறேன். மேலும், ஒரு வரி பொய்யாக இருந்தால் பட்டியல் மொத்தத்தையும் அந்த ஒரு வரியை வைத்தே அடித்துவிடுவார்கள், ஆகவே தப்பைச் சொன்னது நல்ல வரிகளைக் காப்பாற்றத்தான். இதெல்லாம் நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் காப்பாற்ற நினைத்தவள் அதை வாயைத் திறந்து சொல்லியிருப்பாளே. "ரிவியர் வரி தப்பு, நம் வரி சரி, ஆகவே நம் பெயரை மாற்றுவோம்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. ஒரு தேதியைத் திருத்தினால் யாருக்கும் என் மேல் வருத்தம் வராது. நாம் எல்லோரும் தினமும் நுழைகிற வாசலில் ஓர் அடிமை முதலாளியின் பெயர் இருக்கிறது என்று சொன்னால் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறேன். வேறு நாட்டிலிருந்து வந்தவள், நமக்கு எதற்கு என்ற எண்ணம் ஓரமாக இருந்திருக்கும். இருந்தது.

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றேனே, என்ன தெரியும்? ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தார் என்பது தெரியும். 1799-இல் அவர் இறந்தபோது மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள், உயிலின் மூலம் அவர் விடுதலை கொடுத்தது அதில் தனக்குச் சொந்தமான 123 பேருக்கு என்பதை எத்தனை பேர் சொல்வார்கள்? ஜெஃபர்சன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் வைத்திருந்தார். இந்த எண்களைச் சொல்ல என் நூலகத்திலேயே புத்தகங்கள் இருந்தன. அந்தக் கூட்டத்தில் 1779-ஐச் சொன்னேன், 317-ஐச் சொல்லவில்லை.

சென்னையில் வளர்ந்த எனக்கு நீல் சிலை நினைவுக்கு வராமல் இருக்குமா? 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் இந்தியர்களைக் கொன்று குவித்த பிரிட்டிஷ் கர்னல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927-இல் அதை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது, தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு 1937-இல்தான் சிலை மியூசியத்துக்குப் போனது. பத்து வருஷம். பள்ளியில் அதைப் படித்தபோது நான் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தொண்டர்கள் கொடுத்த நோட்டீஸ் ஒன்றில் ஏதாவது ஒரு தேதி தப்பாக இருந்திருந்தால், நான் அங்கே நின்று அந்தத் தேதியை மட்டும் திருத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

போன் பேச்சு முடிந்த ராத்திரி, பிரின்சிபலுக்காக எழுதிய இரண்டு பக்கத்தைத் திறந்தேன். இன்னும் அனுப்பியிருக்கவில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "எங்கள் பள்ளி பற்றிய வரியைச் சரிபார்த்தேன், அது உண்மை." படித்துப் பார்த்தேன். பிழைகளைத்தானே கேட்டார், இது எதற்கு என்று தோன்றியது. அழித்தேன். பிறகு மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். காலையில் அது இல்லாமலே அனுப்பினேன்.

மாற்றுப் பெயர் எதுவும் எங்களிடம் இல்லை என்று எங்கள் பள்ளி வாரியத்துக்குப் பதில் அனுப்பியது. என் இரண்டு பக்கம் இணைப்பாகப் போனது. பெற்றோர் குழுவிலும் அது சுற்றியது. "நம் நூலகரே சொல்கிறார், இந்தப் பட்டியல் குப்பை." நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று ஒருவருக்கும் எழுதவும் இல்லை.

2021 ஜனவரி 26 அன்று வாரியம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் பட்டியலை நிறைவேற்றியது. அடுத்த நாளிலிருந்து நாடு முழுக்கப் பேச்சில் அடிபட்டவற்றில் ரிவியர் வரியும் ஒன்று. பிப்ரவரியில் பெயர் மாற்றும் வேலையை நிறுத்தி வைத்தார்கள். நடைமுறை சட்டப்படி இல்லை என்று வழக்கு வந்தது. ஏப்ரல் 6 அன்று தீர்மானத்தையே ரத்து செய்தார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் வாரிய உறுப்பினர்கள் மூன்று பேரை வாக்காளர்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதற்கு இது மட்டும் காரணம் இல்லை. பள்ளி திறக்காத கோபம் அதைவிடப் பெரியது.

ரத்தான செய்தி வந்த அன்று, நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று ஒரு ஆசிரியர் எனக்குச் செய்தி அனுப்பினார். என் இரண்டு பக்கத்துக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை. நான் எழுதாமல் இருந்திருந்தாலும் அது அப்படியேதான் முடிந்திருக்கும். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மைதான். ஆனால் ஆபீஸ் அம்மா என்னிடம் கேட்டது வாரியம் என்ன செய்யும் என்று இல்லையே.

அதே வருஷம் கோல்டன் கேட் பாலத்துக்கு அந்தப் பக்கம், மரின் கவுண்ட்டியில், ஆங்கிலேயக் கடலோடி சர் ஃப்ரான்சிஸ் டிரேக் பெயரில் இருந்த உயர்நிலைப் பள்ளிக்கு ஆர்ச்சி வில்லியம்ஸ் என்று பெயர் வைத்தார்கள். டிரேக் அடிமை வியாபாரக் கப்பல்களில் போனவர். வில்லியம்ஸ் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய கறுப்பின வீரர், பிறகு அதே பள்ளியில் பல வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவர். அங்கேயும் சண்டை, எதிர்ப்பு எல்லாம் உண்டு. ஆனாலும் பெயர் மாறியது. அதைப் படித்த அன்று எங்கள் பள்ளியிலும் அப்படி யாராவது இருந்திருப்பார்களா என்று பழைய ஆண்டு மலர்களை எடுத்துப் புரட்டினேன். 2020 நவம்பரிலேயே புரட்டியிருக்கலாம். மாற்றுப் பெயர் கேட்டபோது எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான்.

பள்ளி திறந்த பிறகு ஆபீஸ் அம்மா என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தார். பார்சல் வந்தால் கூப்பிடுவார், என் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. புதுப் புத்தகங்களின் உள்பக்கத்தில் பள்ளி முத்திரையைக் குத்தும்போது மட்டும் எனக்குக் கை ஒரு நொடி நிற்கும். நீல மையில் அந்தப் பெயர் தாளின் இழைக்குள் லேசாகப் பரவும்.

2023 ஜூனில் அவர் ஓய்வு பெற்றார். கடைசி வாரம் ஒருநாள் எதற்கோ கையெழுத்து வாங்க அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்து, "குட் மார்னிங், மெயின் ஆபீஸ்" என்றார். வைத்தார். திரும்பவும் அடித்தது. திரும்பவும் "குட் மார்னிங், மெயின் ஆபீஸ்." பள்ளியின் பெயர் வரவில்லை. எத்தனை நாளாக அப்படிச் சொல்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். தினமும் அந்த மேஜையைத் தாண்டித்தான் நூலகத்துக்குப் போகிறேன், எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்தேன்.