என் முழங்காலையும் சொல்லிவிட்டு வந்தேன்

பேரனின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கண் வடிவத் தகடான கண்மலர் சாத்துகிறேன் என்று வைத்தீஸ்வரன் கோயில் தையல்நாயகியிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். முடிந்து நாலு மாதமாகிறது, கூட வர ஒருவருக்கும் லீவு இல்லை. கும்பகோணத்தில் ரயிலேறி, மயிலாடுதுறையில் பஸ் மாறி, தனியாகவே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை போனது என் தப்பு. செவ்வாய் கிரகமான அங்காரகனுக்கு வந்த கூட்டம் தெருவரைக்கும் நின்றது. இறங்கியதுமே நாடி ஜோதிடக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "கட்டைவிரல் ரேகை மட்டும் குடுங்கம்மா, உங்க ஓலை இங்கதான் இருக்கு" என்று ஒருவர் வாசல்வரை விடவில்லை. நான் நொண்டி நொண்டி நடப்பது அவர் கண்ணில் படவே இல்லை!

சித்தாமிர்த தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, கண்மலரை உண்டியலில் சேர்த்து, சுவாமியையும் முத்துக்குமாரசுவாமியையும் சேவித்துவிட்டு அம்பாளிடம் வந்தேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் குருக்கள். பேரன், மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, தம்பி என்று நட்சத்திரத்தோடு ஒப்பித்தேன்.

"உங்க நட்சத்திரம்மா?"

சட்டென்று வாய் வரவில்லை. என் பெயரை என் வீட்டுக்காரர்தான் சொல்வார். அவர் போய் ஆறு வருஷம். ஆறு வருஷமாக என் பெயருக்கு ஓர் அர்ச்சனை கிடையாது, அதை நான் கவனித்ததும் கிடையாது.

"பூரட்டாதி" என்றேன்.

தீபாராதனையில் அவள் முகம் தெரிந்தது. தைலப் பாத்திரம் ஏந்தி, வைத்தியராக வந்த சிவனோடு வந்தவளிடம் ஊரார் நோவையெல்லாம் சொன்னேனே தவிர, என் முழங்காலைச் சொன்னதில்லை. இன்று சொன்னேன். படி ஏற முடியவில்லை தாயே, மகன் போன் எடுக்காவிட்டால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன், இனிமேல் அவனை நீ பார்த்துக்கொள், என்னால் ஆகவில்லை என்றேன். கண்ணிலிருந்து கொட்டியது. பின்னாலிருந்த அம்மாள் "நகருங்க, நகருங்க" என்று இடித்தாள். இடிக்கட்டும். தாயே, எவ்வளவு நாள் பொறுத்திருந்து கேட்டிருக்கிறாய் நீ!

வெளியே வந்து, நோய்க்கு மருந்தாகக் கொடுக்கும் பிரசாதமான திருச்சாந்துருண்டை வாங்கினேன். எப்போதும் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் ஆளுக்கொன்று பங்கு வைப்பேன், எனக்கு மிஞ்சாது. இந்தத் தடவை பிரகாரத்திலேயே உட்கார்ந்து முதல் உருண்டையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். மூன்று மாதமாகப் பர்ஸில் மடங்கிக் கிடந்த எக்ஸ்ரே சீட்டு அப்போதுதான் கையில் தட்டுப்பட்டது. எலும்பு டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன்.