மாத்திரை போட்டா பசிக்குதும்மா

2008ல படிப்பு முடிச்ச கையோட ஒரு டிபி ஆராய்ச்சில ஃபீல்டு வேலைக்கு சேர்ந்தேன். வடசென்னைல வீடு வீடா போய் மாத்திரைய பாதில நிறுத்தினவங்கள தேடிக் கண்டுபிடிச்சு, ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டு ஃபார்ம் நிரப்பணும், அவ்ளோதான் வேலை. அதுல பார்த்த ஒருத்தர இன்னிக்கு வரைக்கும் மறக்க முடியல.

மூட்டை தூக்குற அண்ணன். ஒத்த ரூம்ல அவரு, அவரு சம்சாரம், ரெண்டு பசங்க. அப்போ டாட்ஸ்னு சொல்ற அரசாங்க டிபி சிகிச்சை முறைல வாரத்துல மூணு நாள் சென்டருக்கு நேர்ல போய் அவங்க கண்ணு முன்னாடி மாத்திரைய முழுங்கணும், (தினமும் போடுற மாத்திரை நாடு முழுக்க வந்ததே 2017 கடைசிலதான்), சென்டர் திறக்கிற வரைக்கும் இவரு காத்திருந்தா அன்னிக்கு லோடு கிடையாது, கூலியும் கிடையாது. அதக்கூட அவர் பெருசா சொல்லல. "மாத்திரை போட்டா பசிக்குதும்மா, வெறும் வயித்துல போட்டா கொமட்டுது, இருக்கிற சோத்த நானே தின்னுட்டா பசங்க என்ன பண்ணும்"னு கேட்டார். என் ஃபார்ம்ல அதுக்கு கட்டமே இல்ல. 'பக்க விளைவு'ல ஒரு டிக் போட்டேன், மேல 'டிஃபால்டர்'னு எழுதினேன். கடன் வாங்கிட்டு கட்டாதவங்கள பேங்க்ல சொல்ற அதே வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் அந்த வார்த்தைய 2013லதான் கைவிட்டுச்சு, அதுக்குள்ள என் கையாலயே எத்தன பேருக்கு எழுதியிருப்பேன்.

இதுல என்னன்னா, இதே சென்னைல 1956லயே இதப்பத்தி யோசிச்சுட்டாங்க. அந்தக் காலத்துல டிபின்னா சானடோரியம்தான், நல்ல காத்து, பால், முட்டை, மாசக்கணக்குல படுக்கை (தாம்பரம் பக்கத்துல ரயில் ஸ்டேஷன் பேரே இன்னும் அதானே). ஏழைக்கு பெட் எங்க கிடைக்கும்? சேத்துப்பட்டுல இப்போ என்ஐஆர்டின்னு சொல்றோமே, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அங்கதான் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்), மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எல்லாம் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. நகரத்தோட ஏழைப் பகுதிகள்லேர்ந்து வந்த 193 நோயாளிங்க, குலுக்கல் மாதிரி பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவங்கவங்க வீட்லயே. ரெண்டு பக்கமும் அதே ஐசோனியசிட், பாஸ் மருந்து, ஒரு வருஷம். 1959ல முடிவு வந்துச்சு, சானடோரியத்துல 92 சதவீதம், வீட்ல 86 சதவீதம் பேருக்கு நல்லா கட்டுப்பட்டுச்சு. வீட்ல இருந்தவங்க நெருக்கடில இருந்தாங்க, சாப்பாடு கம்மி, ஓய்வு கம்மி, அப்படியும்! அவங்க குடும்பத்துக்கும் நோய் கூடுதலா பரவல. உலகம் முழுக்க சானடோரியங்கள மூட இந்த ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம். என்னைக் கேட்டா நம்ம ஊர்ல நடந்த ஆராய்ச்சிகள்ல இதவிட ஏழைங்களுக்கு உதவினது எதுவும் இல்ல.

ஆனா அத பாதிதான் படிச்சாங்கன்னு எனக்கு தோணும். மருந்து இருந்தா போதும், சாப்பாடு அவ்ளோ முக்கியமில்லன்னு எடுத்துக்கிட்டாங்க. அந்த வீட்டு நோயாளிங்கள அப்போ ஆள் விட்டு வீட்டுக்கே போய் பார்த்தாங்க, சொல்லாம கொள்ளாம போய் மாத்திரைய எண்ணினாங்க, யூரின டெஸ்ட் பண்ணினாங்க, விடாம பின்னாடியே நின்னாங்க. நாங்க 2008ல அந்தக் கவனிப்ப விட்டுட்டு கண்காணிப்ப மட்டும் வச்சுக்கிட்டோம். தவிர, நோய் கட்டுப்படுறது வேற, எழுந்து மறுபடி மூட்டை தூக்குறது வேற.

சாப்பாட்டுக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வர 2023 ஆச்சு. ஜார்க்கண்ட்ல ரேஷன்ஸ்னு ஒரு ஆராய்ச்சி, அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழு பண்ணினது, சேத்துப்பட்டு என்ஐஆர்டியும் அதுல இருந்துச்சு. 2,800 நோயாளிங்க, அவங்க வீட்ல இருக்கிற 10,345 பேர். நோயாளிங்க எல்லாருக்கும் மாசாமாசம் உணவுப் பை, ஆனா வீட்டு ஆளுங்கள்ல ஒரு பிரிவுக்கு மட்டும் அரிசியும் பருப்பும் கூடுதலா கொடுத்தாங்க. அந்தப் பிரிவுல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சது, சளில கிருமி உறுதியான டிபிய மட்டும் எடுத்தா 48 சதவீதம். தடுப்பூசி இல்ல, புது மருந்து இல்ல. அரிசி, பருப்பு.

இப்போ நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு, 2018லேர்ந்து மாசம் 500 ரூபா சத்துணவுக்குன்னு குடுத்தாங்க, 2024 கடைசில அத 1000 ஆக்கினாங்க, தமிழ்நாட்டுல 2022லேர்ந்து எடை, கால் வீக்கம், தானா எழுந்து நிக்க முடியுதான்னு முதல் நாளே பார்த்து மோசமா இருக்கிறவங்கள சீக்கிரம் அட்மிட் பண்றாங்க. என் ஆராய்ச்சி ஃபார்ம்ல முதல் கேள்வியே நேத்து ராத்திரி வீட்ல என்ன சமைச்சீங்க, யார் யார் சாப்பிட்டீங்கன்னுதான். அத கேட்டுட்டு உடனே அடுத்த கேள்விக்கு தாவக்கூடாது, பதில் முழுசா வர்ற வரைக்கும் உக்காருங்கன்னு டீம் பசங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

அந்த அண்ணன் வீட்டுக்கு மூணு மாசம் கழிச்சு திரும்பப் போனேன், பூட்டியிருந்துச்சு, ஊருக்கு கூட்டிட்டுப் போய்ட்டாங்கன்னு பக்கத்து வீட்டு ஆயா சொன்னாங்க, எந்த ஊருன்னு அவங்களுக்கும் தெரியல. ஜார்க்கண்ட் முடிவ முதல் தடவ படிச்ச ராத்திரி எனக்கு அவர் ஞாபகம்கூட அப்புறம்தான் வந்துச்சு, முதல்ல வந்தது அந்த ரெண்டு பசங்க. அதே ரூம்ல, அவர் இருமுற பக்கத்துலயே பாய் போட்டு படுத்திருந்தாங்க. பெரியவனுக்கு அப்போ எட்டு வயசு இருக்கும். அவங்களுக்கு சளி டெஸ்ட் எடுத்தாங்களான்னு நான் கேக்கவே இல்ல.