நீல மூடி டியூப்

கோத்தகிரியில் ஒரு சின்ன மருத்துவமனையின் லேபில் பல வருடம் வேலை பார்த்தேன். காலை முதல் பஸ்ஸில் வந்து பெஞ்சில் காத்திருப்பவர்களில் மாதம் தவறாமல் வருகிறவர்கள் சிலர் உண்டு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட, உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள். அதன்மேல் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க அசிட்ரோம் மாத்திரையோ வார்ஃபரின் மாத்திரையோ சாப்பிட வேண்டும்.

ரத்தம் உறையத் தேவையான காரணிகளில் நான்கை, அதாவது 2, 7, 9, 10 ஆகியவற்றை, கல்லீரல் வைட்டமின் கே இருந்தால்தான் சரியாகச் செய்ய முடியும். மாத்திரை அந்த வைட்டமினுக்குக் குறுக்கே நிற்கிறது. அளவு கூடினால் மூளையில்கூட ரத்தம் கசியலாம். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஐ.என்.ஆர். இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவே உள்ள மிட்ரல் இடத்து உலோக வால்வுக்கு அது 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அவ்வளவுதான் இடம்.

இந்தச் சோதனையை நாங்கள் கையால்தான் பார்த்தோம். ரத்த அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் பிளாஸ்மாவை 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து, அதை உறையவைக்கும் ரீஏஜென்ட்டை விட்ட நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, டியூபைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். தண்ணீராக ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று ஜவ்வாக நின்றுவிடும். மாத்திரை சாப்பிடாதவருக்கு 12, 13 நொடி ஆகும். இந்த நொடிக் கணக்கு ரீஏஜென்ட்டுக்கு ரீஏஜென்ட் மாறும் என்பதால்தான், எங்கே பார்த்தாலும் ஒப்பிடக்கூடிய எண்ணாக மாற்ற, 1983-ல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். முறையைக் கொண்டுவந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பர். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வந்தார். குளிரில் நரம்பு கிடைக்கவேயில்லை. டியூபில் பாதிதான் ரத்தம் ஏறியது. இரண்டாவது முறை குத்த மனமில்லாமல் அதையே ஓட்டினேன். 5.8 வந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தி, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். வந்தபோது 1.4.

இந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கும் நீல மூடி டியூபில் சிட்ரேட் இருக்கும். ரத்தம் உறையத் தேவையான கால்சியத்தைப் பிடித்துவைத்து, டியூபிலேயே உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். அதில் 1 பங்குக்கு 9 பங்கு ரத்தம் சேர வேண்டும், அதற்குத்தான் அந்தக் கோடு. ரத்தம் குறைந்தால் மிஞ்சிய சிட்ரேட், சோதனையில் நாம் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். உறையத் தாமதமாகும், எண் பொய்யாக ஏறும். அந்தப் பொய்யை நம்பித்தான் அந்த அக்காவின் வால்வு காவல் இல்லாமல் கிடந்தது. கையெழுத்து என்னுடையது. அதன்பிறகு குளிர்நாளில் வருகிறவர்கள் கையில் முதலில் சூடான டீ டம்ளரைக் கொடுத்துவிடுவேன். தேயிலைச் சாயம் ஏறிய விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். கொஞ்ச நேரத்தில் நரம்பு எழும்பும்.

இன்னொரு பழக்கமும் வந்தது. எண் இறங்கினால், "அக்கா, இந்த வாரம் என்ன சமைச்சீங்க?" என்று கேட்பேன். மழைக்காலத்தில் பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான். "லயன் வீட்டுக்குப் பின்னாடி கீரை முளைச்சு கிடக்கு தம்பி, தினமும் அதுதான்." கீரையில் வைட்டமின் கே நிறைய. கீரையை விட வேண்டாம், எப்போதும் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். ஆனால் கேட்காமல் விட்டால் மாத்திரைதான் கூடும்.

புதிய மாத்திரைகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்பார்கள். கால் நரம்பில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்குச் சரி. உலோக வால்வுக்கு ஆகாது. அவற்றில் ஒன்றான டபிகேட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் வைத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக்கட்டியும் கசிவும் அதிகமானதால் பாதியில் நிறுத்தினார்கள்.

ஒரு ஐப்பசியில் மண் சரிந்து எஸ்டேட் பாதை அடைபட்டு, ஒரு அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துபோனது. வழி திறந்ததும் கூட்டிவந்த கணவர் சொன்னார்: "ராத்திரி வால்வு டிக் டிக்னு கேக்கும்ங்க, இப்ப சத்தம் மங்கிப்போச்சு." ஐ.என்.ஆர். 1.2. உடனே கோவைக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே உறைந்ததை அசிட்ரோம் கரைக்காது, இனி உறைவதைத்தான் தடுக்கும். அங்கே ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினார்கள். ரத்தத்திலேயே தூங்கிக் கிடக்கும் பிளாஸ்மினோஜனை எழுப்பிவிட்டு, கட்டியின் வலையை அறுக்க வைக்கும் மருந்து. எடுக்கப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்து. ருமாட்டிக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியும் அதே குடும்பம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த மருந்து ஓடும்போது மூளையில் கசிவு வரலாம், உடைந்த துணுக்கு மூளைக்கும் போகலாம். அதனால் பேச்சு குளறுகிறதா, கைப்பிடி தளர்கிறதா என்று நர்ஸ்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்த மாதம் இருவரும் வந்தார்கள். "சத்தம் நல்லா கேக்குதுங்க" என்றார் கணவர். ரத்தம் கோட்டைத் தொடும்வரை காத்திருந்து ஊசியை எடுத்தேன்.