சீனாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? அப்போஸ்டில் ஸ்டிக்கருக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்

முதலில் அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணத்தைத் தூதரகச் சான்று இல்லாமலே இன்னொரு நாடு ஏற்பதற்காக ஒட்டப்படும் சான்று. அந்த அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சீனா சேர்ந்தது உண்மை. 2023 நவம்பர் 7 முதல் அங்கே அது நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2005லிருந்தே உறுப்பு நாடு. இந்த இரண்டையும் கூட்டிப்போட்டு, "சீனாவுக்கு இனிமே அப்போஸ்டில் போதும் சார், எம்பஸி வேலையே கிடையாது" என்று சொல்லிப் பணம் வாங்குகிற ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். கணக்கு சரிபோலத்தான் தெரியும். ஆனால் சீனா சேர்ந்தபோது இந்தியா ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. ஆட்சேபித்த நாட்டுக்கும் புதிதாகச் சேர்ந்த நாட்டுக்கும் நடுவில் அந்த ஒப்பந்தம் செல்லாது. ஆகவே இந்தியச் சான்றிதழுக்குப் பழைய அட்டெஸ்டேஷன் வழிதான், அதாவது ஒவ்வோர் இடமாகச் சான்று முத்திரை வாங்குவது: மாநில அரசு, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், கடைசியில் சீனத் தூதரகம். என் டிகிரியின் பின்பக்கத்தில் எண் போட்ட அந்தச் சதுர ஸ்டிக்கர் இன்றும் ஒட்டியிருக்கிறது. அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா மாதிரி நாடுகளில் படித்து அங்கேயே சான்றிதழ் வாங்கிய தமிழர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்களுக்கு அந்தந்த நாட்டு அப்போஸ்டில் போதும். எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது சான்றிதழ் எந்த நாட்டில் கொடுக்கப்பட்டது என்பதே. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்பது இதில் கணக்கில்லை. லண்டனில் எம்.ஏ., மதுரையில் பி.ஏ. என்று கலந்து வைத்திருப்பவர்கள் எந்தச் சான்றிதழைக் காட்டப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அலையத் தொடங்குமுன் உங்களுக்கு வொர்க் பெர்மிட் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். 2017லிருந்து நாடு முழுக்க இருக்கும் விதி இது: மொழி கற்பிக்கும் வெளிநாட்டவர் "கொள்கையளவில்" தன் தாய்நாட்டின் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும், இளங்கலைப் பட்டமும், மொழி கற்பித்தலில் இரண்டு ஆண்டு அனுபவமும் வேண்டும். கல்வியியல், மொழி, ஆசிரியர் பயிற்சி சார்ந்த பட்டம் இருந்தாலோ, சொந்த நாட்டு ஆசிரியர் தகுதிச் சான்றோ ஏற்கத்தக்க சர்வதேச மொழிக் கற்பித்தல் சான்றோ இருந்தாலோ அனுபவம் கேட்க மாட்டார்கள். பி.எட். முடித்தவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்த "கொள்கையளவில்" என்ற ஒரு சொல்லில்தான் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களின் தலையெழுத்தே தொங்குகிறது. ஒரு நகரத்து அலுவலகம் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தையும் பி.எட்.டையும் பார்த்து அனுமதிக்கலாம். அடுத்த நகரத்து அலுவலகம் பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பலாம்.

அதனால் இன்டர்வியூவில் சம்பளம் பேசுமுன் பள்ளியிடம் கேட்க வேண்டியது ஒன்று: "கடந்த ஒரு வருடத்தில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் யாருக்காவது, இதே ஊரில், ஆங்கில ஆசிரியர் என்றே பெர்மிட் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா?" மழுப்பினால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். பிரிட்டன் பாஸ்போர்ட் இருந்தும் போட்டோவைப் பார்த்துவிட்டு "பெற்றோர் எதிர்பார்ப்பு வேற மாதிரி இருக்கு" என்று நழுவும் ஆள்பிடிக்கும் கம்பெனிகளும் உண்டு. அதற்குச் சான்றிதழில் மருந்து கிடையாது.

சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகளில் கணிதமோ இயற்பியலோ ஆங்கிலத்தில் கற்பிக்கப் போகிறவர்களுக்கு அந்தத் தாய்மொழி நிபந்தனை குறுக்கே வராது; அது மொழி ஆசிரியர்களுக்கானது. நம்மவர்களில் பலருக்கு இதுதான் நேரான பாதை. ஒரு எச்சரிக்கை: கணித ஆசிரியர் என்று பெர்மிட் வாங்கிவிட்டு ஆங்கில வகுப்பில் நிறுத்தினால், பெர்மிட்டில் உள்ள வரம்பைத் தாண்டி வேலை செய்ததாக ஆகும். சட்டப்படி அது சட்டவிரோத வேலை. சாயங்காலம் வேறொரு சென்டரில் போய் டியூஷன் எடுப்பதும் அப்படியே. அபராதம் 5,000 முதல் 20,000 யுவான். விஷயம் பெரிது என்று கருதினால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். மாட்டினால் நாட்டைவிட்டு அனுப்பவும் செய்வார்கள், பள்ளிக்காரர் உங்களோடு விமானம் ஏற மாட்டார். "முதல்ல பிசினஸ் விசால வாங்க, வந்ததும் மாத்திக்கலாம்" என்று சொல்கிற இடத்தில் பேச்சைத் தொடராதீர்கள். எம் (வணிகம்), எல் (சுற்றுலா), எக்ஸ் (படிப்பு) விசா எதுவும் வேலைக்கு ஆகாது, இசட் (வேலை விசா) மட்டும்தான். 2021 ஜூலையில் அரசு டியூஷன் சென்டர்கள்மீது கை வைத்தபிறகு மிஞ்சியிருக்கிற சிறு சென்டர்கள் பலதும் நிலையில்லாதவை. பெர்மிட் அவர்கள் பெயரில் இருப்பதால், கடை மூடினால் உங்கள் பெர்மிட்டும் ஆட்டம் காணும்.

சரி, காகிதங்களுக்கு வருவோம்.

டிகிரி என்றால் கான்வொகேஷன் சான்றிதழ். ப்ரொவிஷனலை வைத்து ஒன்றும் நகராது. பட்டமளிப்பு விழா தள்ளிப்போகும் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் அதற்கே முதலில் மனு போட வேண்டியிருக்கும். அடுத்த பொறி லேமினேஷன். நம் வீட்டில் சான்றிதழ் கையில் வந்த மறுநாளே அப்பா லேமினேட் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அட்டெஸ்டேஷன் முத்திரைகள் எல்லாம் அசலின் பின்பக்கம் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது, வாங்கவே மாட்டார்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடு காட்டி உரிக்கப் போகாதீர்கள். மை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வரும், பதிவாளர் கையெழுத்து பாதி காணாமல் போகும். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதே உத்தமம், மாதக்கணக்கில் ஆனாலும்.

மாநில உயர்கல்வித் துறைச் சான்று இல்லாமல் வெளியுறவு அமைச்சகம் டிகிரியைத் தொடாது. அமைச்சகத்திடம் நீங்கள் நேரடியாகக் கொடுக்கவும் முடியாது, அது நியமித்த ஏஜென்சி வழியாகத்தான். அங்கே படிவத்தில் எந்த நாட்டுக்கு என்று கேட்கும் இடத்தில் சீனா என்று எழுதி, "நார்மல் அட்டெஸ்டேஷன்" என்று வாய்விட்டும் சொல்லுங்கள். வருவது முத்திரை என்றால் சரி. ஸ்டிக்கர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் தூதரகம்.

காவல்துறைச் சான்றிதழில் இன்னொரு வீண் அலைச்சல். தமிழ்நாடு காவல்துறை தளத்தில் ஆன்லைனில் எடுக்கிற சரிபார்ப்புச் சான்று உள்ளூர் வேலைக்கானது. வெளிநாட்டுக்கு வேண்டியது பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கிற பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட். அதிலும் எந்த நாட்டுக்கு என்று அச்சாகும், விண்ணப்பிக்கும்போதே சீனா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அங்கே கேட்பார்கள். ஆகவே வரிசை முக்கியம்: டிகிரி வேலையை முதலில் தொடங்குங்கள், அது மாநில அரசைத் தாண்டும்போது பிசிசிக்குப் போடுங்கள். நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால், டிகிரி தூதரகத்திலிருந்து திரும்பும்போது பிசிசி காலாவதியை நெருங்கியிருக்கும், மறுபடி முதலிலிருந்து. பிசிசியும் வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று அதே சுற்று சுற்ற வேண்டியதுதான்.

அனுபவச் சான்றில் "சிறப்பாகப் பணியாற்றினார், வாழ்த்துகள்" என்ற நம்மூர் நடைக்கு மதிப்பில்லை. பதவி, வேலையில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன பாடம், எந்த வயதுப் பிள்ளைகள், கையெழுத்திட்டவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். லெட்டர்ஹெட், முத்திரை கட்டாயம். பட்டம் பெற்ற பிறகான அனுபவமே கணக்கு. அந்த எண்ணுக்கு அழைப்பு வரலாம், எடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருத்துவப் படிவத்தில் போட்டோ ஒட்டுகிற கட்டம் இருக்கும். மருத்துவமனை முத்திரை பாதி போட்டோமேலும் பாதி காகிதத்திலும் விழ வேண்டும். நம்மூர் மருத்துவமனைகளில் முத்திரையை ஒழுங்காகக் கீழே கையெழுத்துப் பக்கத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அழகாகத்தான் இருக்கும், திரும்பி வரும். கவுன்டரை விட்டு நகருமுன் படத்தைப் பாருங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தும் ஆளைக் கவிழ்ப்பது பெயர். டிகிரியில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேம் கட்டத்தில், பிசிசியில் அதே வரிசை, அனுபவச் சான்றில் ஸ்கூலில் எல்லோரும் கூப்பிடுகிற பெயர். நமக்கு நாலும் ஒரே ஆள். கணினியில் பதிகிற சீன அலுவலருக்கு நாலு ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். டிகிரியை மாற்ற முடியாது என்பதால், இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, அதற்கும் அட்டெஸ்டேஷன் வாங்கிவிடுங்கள். சர்நேம் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால், முடிந்தால் விண்ணப்பிக்குமுன்பே அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முடியாதென்றால், போட்டோ பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கிற இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள்.

இந்தப் பெயர்ப் பிரச்சினை பெர்மிட்டோடு முடியாது. அங்கே சிம் கார்டு, வங்கிக் கணக்கு, செல்போனில் பணம் கட்டும் செயலிகளான வீசாட், அலிபே நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒன்றாக இல்லாவிட்டால் சீன வங்கிக் கணக்கை இணைத்துப் பணம் செலுத்துவதில் சிக்கல் வரும். வங்கிக்காரர் சர்நேமை முன்னால் போட்டு இடைவெளி இல்லாமல் அடித்திருப்பார், சிம் கடைக்காரர் இடைவெளி விட்டிருப்பார். வங்கிக் கவுன்டரிலேயே திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, எப்படி அடித்தார் என்பதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் அதன்படி அடிக்கலாம்.

வொர்க் பெர்மிட் அறிவிப்புக் கடிதம் வந்துவிட்டால் இசட் விசா பெரும்பாலும் சிக்கலில்லை. விசாவில் தங்கும் நாட்கள் என்ற இடத்தில் "000" என்று இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், இசட் விசாவில் அப்படித்தான் வரும். இறங்கிய 30 நாளுக்குள் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதிக்கு, விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஒருமுறை நுழைவதற்கான விசா என்பதால் இடையில் ஹாங்காங் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் திரும்பி நுழைய முடியாது.

இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பதிவு. ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். பள்ளி கொடுத்த வீடு என்றால் நீங்கள்தான் அந்தப் பகுதி பைச்சூசுவோவுக்கு, அதாவது காவல் நிலையத்துக்கு, வாடகை ஒப்பந்தத்தோடு போக வேண்டும். பள்ளி ஆள் "திங்கட்கிழமை போகலாம்" என்பார். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் விதிக்க இடமுண்டு, அது பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். வீடு மாறினாலும் மறுபடி பதிவு. பிறகு மருத்துவப் பரிசோதனை மீண்டும் ஒருமுறை: ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி, வயிற்று ஸ்கேன். வெறும் வயிற்றில் காலையிலேயே போய்விடுங்கள்.

அந்த 30 நாளில் விடுமுறையும் அடக்கம். செப்டம்பர் கடைசியில் இறங்குகிறவர்களுக்கு அக்டோபர் முதல் வாரம் முழுக்க தேசிய தின விடுமுறை, அலுவலகங்கள் பூட்டு. வொர்க் பெர்மிட் கிடைத்தபிறகே ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்குப் போக முடியும் என்பதால், ஒரு வாரம் போனாலே மூச்சு முட்டும். ஆகஸ்ட் நடுவில் போய் இறங்குவதே நிம்மதி. ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்ததும் பாஸ்போர்ட்டை வாங்கிவைத்துக்கொண்டு ஒரு ரசீது கொடுப்பார்கள். உள்நாட்டு ரயிலுக்கு அது போதும், நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. ஊரில் கல்யாணம் காதுகுத்து இருந்தால் அந்தக் காலத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, ஒப்பந்தம் போடும்போதே பேச வேண்டியது. பள்ளி மாற வேண்டுமென்றால் பழைய பள்ளி உங்கள் பெர்மிட்டை ரத்து செய்து அதற்கான சான்றும், வேலை பார்த்ததற்கான கடிதமும் கொடுக்க வேண்டும். சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்தால் விலகலாம். ஆனாலும் கோபத்தில் சான்றை இழுத்தடிக்கும் பள்ளிகள் உண்டு, ரெசிடென்ஸ் பெர்மிட் தேதி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "விலகிய எத்தனை நாளுக்குள் இந்த இரண்டு காகிதமும் தரப்படும்" என்ற வரியை ஒப்பந்தத்தின் சீனப் பிரதியில் எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் அவர்கள் எடுத்துப் படிக்கப் போவது அந்தப் பிரதியைத்தான். ஆங்கிலப் பிரதியில் மட்டும் இருக்கிற வரியை நீட்டிக்கொண்டு நின்றால் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.